யார் சொன்னது?

யார்க்‌ஷயர் சிறுநகரம் ஒன்றின் வாரப் பத்திரிகைக்கு நைஜல் தாக்ரே ஆசிரியர். அவருக்குத் தெரிந்த பத்திரிகை தர்மமெல்லாம் ஒரே ஒரு சொல்தான்: ‘அலெஜட்லி’. ‘என்று கூறப்படுகிறது’ என்று அர்த்தம். கூறியது யார் என்று மட்டும் கேட்கக் கூடாது. அதை ஒட்டிவிட்டால் யார்மீதும் சேற்றை வாரி இறைக்கலாம் என்பது அந்தப் பெரிய மனிதரின் நம்பிக்கை.

ஊர்த் தேவாலயக் கூரையின் ஈயத் தகடுகள் களவு போனபோது, சேறு ஹெர்பர்ட் மீது விழுந்தது. தேவாலயத்தைத் திறந்து பூட்டுகிறவர் அவர். ‘அலெஜட்லி’ தயவில் வாராவாரம் அவரே திருடன். போதகர் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். மதுக்கடையில் ஹெர்பர்ட் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலிகள் காலியாயின.

வெள்ளிக்கிழமை, அன்று வந்த இதழைச் சுருட்டிப் பிடித்தபடி அவர் அலுவலகத்துக்கு வந்தார். கூடவே மழைக்கோட்டு போட்ட ஒருவர். கிழவன் வக்கீலோடு வந்திருக்கிறான் என்று நைஜல் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

“கேஸ் போட்டா நிக்காது ஹெர்பர்ட். உங்களத் திருடன்னு நானா சொன்னேன்? சொல்றாங்கன்னுதானே எழுதினேன்.”

“யார் சார் சொன்னாங்க?”

“ஊர்ல நாலு பேரு.”

மணிக்கூண்டுக்குப் பின்னால் இருந்த தகடுகளும் போய்விட்டதாக இந்த வாரம் எழுதியிருக்கிறீர்களே என்று ஹெர்பர்ட் இதழை விரித்தார்.

“அதையும் சொன்னாங்க.”

“அந்த இடம் கீழேருந்து பாத்தா தெரியாது சார். உங்க பேப்பரப் படிச்சிட்டுத்தான் இன்னிக்கிக் காலைல போதகரே மேல ஏறிப் பாத்தாரு. அதுவரைக்கும் அது போனது யாருக்குமே தெரியாது. எடுத்தவனத் தவிர. அதான் கேக்குறேன், யார் சொன்னாங்க?”

நுணலும் தன் வாயால் கெடும். நைஜல் தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். மழைக்கோட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லி, போலீஸ் அடையாள அட்டையை மேசைமேல் வைத்தார்.

தகடுகள் நைஜலின் தோட்டத்துக் கொட்டகையில் கிடைத்தன. சாவி ஹெர்பர்ட்டிடம் திரும்பி வந்தது, போதகரின் மன்னிப்போடு.

நீதிமன்றத்தில் வேறு வழியின்றிக் குற்றத்தை ஒப்புக்கொண்ட நைஜல், வெளியே வந்ததும் தன் உதவி ஆசிரியை க்வெனுக்குப் போன் செய்தார். நாளைய செய்தியில் அந்த ஒரு சொல்லை மட்டும் எப்படியாவது சேர்த்துவிடும்படி கெஞ்சினார்.

“அதுக்கு இனி வேலை இல்ல சார். யார் சொன்னதுன்னுதான் தெரிஞ்சுபோச்சே, நீங்களே சொல்லிட்டீங்க” என்று போனை வைத்தாள் க்வென்.