முன்கண்ணாடி

அலமாரியில் நின்ற மாடல் கார்களில் ஒன்றுக்கு மட்டும் முன்கண்ணாடி உடைந்திருந்தது. அதன் பிளாஸ்டிக் டிரைவருக்கு அது பெரிய மானக்கேடு. மற்ற டிரைவர்கள் தங்கள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவனைப் பார்த்து வாயை அசைப்பார்கள். கேலி செய்கிறார்கள் என்று அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். உடைந்த இடத்தின் வழியாக உள்ளே வந்து ஸ்டியரிங்கில் உட்காரும் ஓர் எறும்புதான் அவனுக்குப் பேச்சுத்துணை.

ஒருநாள் வீட்டுக்காரர் ஸ்வீட் டப்பாவின் ஒளிபுகும் பிளாஸ்டிக் மூடியைக் கண்ணாடி அளவுக்கு வெட்டி, வெள்ளைப் பசை தடவிப் பொருத்திவிட்டுப் போனார். ஒரு மூலை மட்டும் இன்னும் ஒட்டவில்லை. அங்கே எறும்பு ஓடி வந்தது.

"பசை காயலை அண்ணே. முட்டியால ஒரு தள்ளு தள்ளுங்க, விழுந்துடும்."

"உனக்கென்ன பைத்தியமா? இனிமேதான் அவங்க என்னை மதிப்பாங்க. நீ வெளியே நின்னு பேசு."

"கேக்காது அண்ணே."

"அதெல்லாம் கேக்கும், போ."

பசை காய்ந்தது. எறும்பு கண்ணாடிமேல் ஏறி நின்று வாயை அசைத்தது. அவனுக்கு ஒரு சத்தமும் வரவில்லை. மற்ற டிரைவர்களின் வாயும் அப்படித்தான் அசையும் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. எறும்பு சற்று நேரம் நின்றுவிட்டு இறங்கிப் போனது.

அவன் பக்கத்துக் காரைப் பார்த்து, "அண்ணே, சௌக்கியமா?" என்று கத்தினான்.

அந்த டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.