கல்யாணக் காட்சி

ஜன்னலில் அந்த முகம் இன்றைக்கும் வந்துவிட்டது. எழில் பார்க்காத மாதிரி இருந்தான். ஆனால் ஜேசன் வசனத்தைப் பாதியில் விழுங்கிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அண்ணா, அந்தக்கா மறுபடியும் வந்துடுச்சு."

பெரும்பாக்கம் குடியிருப்பில், கீழ்த்தளத்தில் பூட்டிக் கிடந்த ஓர் அறையை எழில் சங்கத்துக்காரர்களிடம் கெஞ்சி வாங்கியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அங்கே அவர்கள் நாடகம் பழகினார்கள். வீட்டில் சொல்ல முடியாததை மேடையிலாவது சொல்லிப் பார்க்கலாம் என்று வந்த பிள்ளைகள். பையனை விரும்பும் ஜேசன், பெண்ணை விரும்பும் ஜாஸ்மின், ஆண்பிள்ளையாக வளர்க்கப்பட்டு, புடவை கட்டிய நாளிலிருந்து அப்பா முகம் கொடுத்துப் பேசாத ஜெனி. வந்த புதிதில் ஜெனி தரையைப் பார்த்துத்தான் பேசுவாள். இப்போது அவள் வசனம் சொன்னால் மேல்மாடிக்குக் கேட்கிறது.

எழிலுக்கு வீட்டில் வைத்தது பெண்பெயர். அதை அவன் உதறிச் சில வருஷங்கள் ஆகியும், பிளாக்கில் பாதிப் பேர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். திருத்திச் சொல்ல இப்போதெல்லாம் அவனுக்குத் தெம்பில்லை.

ஜன்னலில் நிற்பவள் எல்லம்மா. எதிர் பிளாக். நாவலூரில் ஏதோ ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. முதல்முறை வந்தபோதே அவனை நிறுத்தி, "இன்னா தம்பி, உள்ள இன்னா நடக்குது?" என்று விசாரித்தாள். நாடகம் என்றான். யார் யார் வருகிறார்கள், எந்த வயசு வரைக்கும் சேர்ப்பீர்கள், வீட்டுக்குத் தெரிந்துதான் வருகிறார்களா என்று அடுக்கிக்கொண்டே போனாள். பதினெட்டிலிருந்து இருபத்தைந்து என்று சொல்லிவிட்டு நழுவினான். வீட்டில் வயசுப் பெண் இருக்கிறாள், அவள் இங்கே வந்துவிடுவாளோ என்று பயப்படுகிறாள் போல என்று அவனாக நினைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு வாராவாரம் வந்தாள். அதுவும் கல்யாணக் காட்சி நடக்கும் நேரம் பார்த்து. ஒன்றாக வளர்ந்த இரண்டு பெண்களில் ஒருத்தியை மாப்பிள்ளை வீட்டுக்கு வேன் ஏற்றி அனுப்புவார்கள். மற்றவள் வாய் திறக்க முடியாமல், வந்தவர்களுக்குத் தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டு நிற்பாள். ஜாஸ்மின் அந்த வேஷம் கட்டும்போது எல்லம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் பார்ப்பாள். முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விடுவாள். வெயில் அப்படி.

இந்த வாரம் ஜாஸ்மின் வரவில்லை. யாரோ அவள் அண்ணன் காதில் போட்டுவிட்டார்களாம். அடித்து, போனைப் பிடுங்கி, பொழிச்சலூரில் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அதைச் சொல்லும்போதே ஜெனி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அந்த அக்கா இங்கே நிற்கும்வரை தன்னால் வர முடியாது என்றாள். ஜேசனும் எழுந்துவிட்டான்.

தாம்பரத்தில் நாடகம் போட மண்டபம் பேசியாகிவிட்டது. அதை எழில் நினைவுபடுத்தவில்லை. காலையிலிருந்து வீடு வீடாகச் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்த உடம்பு. யாரையும் இழுத்துப் பிடிக்க அதில் மிச்சம் இல்லை.

அறை காலியானது. பாயைச் சுருட்டி வைத்தான். கதவைப் பூட்டி, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படுத்துத் தூங்கலாம் என்று தோன்றியது. ஆனால் அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போக மனசு வரவில்லை.

வெளியே வந்தான். எல்லம்மா போயிருக்கவில்லை. தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"அக்கா, ஜாஸ்மின் வீட்ல நீங்களா போய்ச் சொன்னீங்க?"

"நான் யாராண்டயும் சொல்லல தம்பி." அவள் குரலில் பதற்றம். "இன்னா ஆச்சி அந்தப் பொண்ணுக்கு?"

நடந்ததைச் சொன்னான். கேட்டவள் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பொய் சொல்வதாகத் தெரியவில்லை. சண்டை போடலாம் என்று வந்தவனுக்கு அதற்கும் அலுப்பாக இருந்தது. அவனும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

நீங்கள் நின்றால் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்றான். இது நோய் இல்லை, ஒருத்தர் கற்றுக்கொடுத்து வருவதும் இல்லை, இங்கே யாரும் யாரையும் கெடுக்கவில்லை என்று, எத்தனையோ அம்மாக்களிடம் சொல்லித் தேய்ந்துபோனதை மறுபடியும் சொன்னான். அவள் குறுக்கே பேசவில்லை. பினாயில் பட்டு வெடித்த விரல்களைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்க பொண்ணு வரணும்னு ஆசைப்பட்டா தடுக்காதீங்கக்கா. இதை மனசுக்குள்ளயே வெச்சிக்கினு ஒரு ஆயுசு முழுக்க இருக்க முடியாது. நாங்க பாத்துக்கறோம், அனுப்புங்க," என்றான்.

எல்லம்மா சுற்றும் முற்றும் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்த பிறகும் குரல் மேலெழவில்லை.

"எனக்கு ஏது தம்பி பொண்ணு? நான் வர்லாமா?"