நடு ஆற்றில் ஜெபம்

கரையிலேயே ஜெபித்திருக்கலாம். ஆனால் வாலிபர் ஐக்கியத்தின் கயாக் பயணம் எதுவானாலும், தண்ணீரில் இறங்கியபின் ஜெபித்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். அவர்தான் போதகர். ஒன்பது படகுகளிலும் கண்கள் மூடியிருக்கின்றன. மடியில் கிடக்கும் துடுப்புகளிலிருந்து நீர் சொட்டுகிறது. மகள் மட்டும் இமை இடுக்கால் பார்க்கிறாள். எல்லோரும் ஒரு கையால் கரையோர நாணலைப் பிடித்திருக்கிறார்கள். அப்பாவோ இரண்டு கைகளையும் வானத்துக்கு உயர்த்தியிருக்கிறார். அவருடைய மஞ்சள் படகு, முகப்பை இவர்கள் பக்கம் வைத்தபடியே, பின்புறமாக நழுவிப் போகிறது. அந்தப் பக்கம் தடுப்பணை. நீர் விழும் இரைச்சல் இங்கேயே கேட்கிறது. "இந்தப் பிள்ளைகளைத் தீங்கு அணுகாமல் காத்துக்கொள்ளும், ஆண்டவரே..." குரல் சிறுத்துக்கொண்டே போகிறது. ஜெபத்தின் நடுவே வாய் திறந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த படகிலிருக்கும் தம்பியை முழங்கையால் இடிக்கிறாள். "சும்மா இரேன்க்கா, ஜெபம் நடக்குதுல்ல" என்கிறான் அவன், கண்ணைத் திறக்காமலே. அப்பா ஜெபத்தில் இப்போதுதான் நோயாளிகளுக்கு வந்திருக்கிறார். இனி திருச்சபை, தேசம், ஆட்சியாளர்கள் எல்லாம் பாக்கி. மஞ்சள் படகு வேகம் எடுக்கிறது. "ஆமென்!" என்று அவள் அடித்தொண்டையில் கத்துகிறாள். "ஆமென்" என்று பழக்கதோஷத்தில் எல்லாப் படகுகளும் முழங்குகின்றன. தூரத்தில் அப்பா கண்ணைத் திறக்கிறார். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. இவளைத்தான் முறைக்கிறார்.