அவர் போட்ட கோடு

ஆடக்கூடாது. மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட வேண்டும்.

தலைக்கு மேலே அந்தப் பெரிய மெஷின். சுவரிலிருந்து வந்த சிவப்பு வெளிச்சம் அவள் நெஞ்சின் குறுக்கே மெல்லிசாக விழுந்தது. அங்கே ஆஸ்பத்திரியில் வரைந்துவிடும் ஊதாக் கோட்டின்மேல் அது வந்து உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் மெஷினை இயக்கும் ஸ்டெல்லா வெளியே போய்க் கதவைச் சாத்துவாள். கதிர் பாயும். வலிக்காது, சுடாது. கோடு காட்டுகிற இடத்தில் பாயும், அவ்வளவுதான்.

இன்றைக்குக் கோடு பளிச்சென்று இருந்தது.

அதுதான் அவளுக்குப் பயம்.

காலையில் குனிந்து பார்த்தாள். கோட்டைக் காணோம். பங்குனிப் புழுக்கத்தில் வேர்வை எதைத்தான் விட்டுவைக்கும்? அவள் போட்ட சத்தத்தில் வீட்டுக்காரர் ஓடிவந்தார்.

அவர் தையல்காரர். தெருவில் பாதிப் பேருக்கு அவர்தான் ஜாக்கெட் தைக்கிறார். ஆனால் ஆபரேஷனில் அவளுடைய இடது மார்பை எடுத்ததிலிருந்து, அவள் சேலை மாற்றினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாளும் பார்த்ததில்லை. அவளும் ஏன் என்று கேட்டதில்லை. புண் ஆறிவிட்டது. இது ஆறவில்லை.

இன்று பார்த்தார்.

ஜன்னலைத் திறந்துவிட்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து பார்த்தார்.

"நான் போட்டுத் தாரேன். இது என்ன பெரிய வித்தையா?"

மார்க்கர் பேனாவை எடுத்துவந்து, மங்கிக் கிடந்த தடத்தைத் தேடித் தேடி வரைந்தார். துணி வெட்டும்போது கடிப்பதுபோல நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டிருந்தார். இடது கையைத் தழும்பின் மேல்தான் ஊன்றியிருந்தார். அவருக்கு அது தெரிந்ததோ என்னவோ.

அவளுக்குத் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

"அக்கா, ரெடியா?" ஸ்டெல்லா கதவுப் பக்கம் போய்விட்டாள்.

சொன்னால் அவருக்குத் திட்டு விழும்.

சொல்லாவிட்டால்?

"நில்லு தாயி. இந்தக் கோடு எங்க வீட்டுக்காரர் போட்டது."

"ஐயோ அக்கா! அந்தப் பக்கந்தான் இதயம் இருக்கு. உயிரோட வெளையாடுறீங்களா?"

ஸ்டெல்லா ஸ்கேன் படத்தை எடுத்துவந்து மறுபடி அளந்தாள். டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து வீட்டுக்காரர் வரைந்ததைத் துடைத்தாள். பஞ்சு ஊதாவாகிவிட்டது. புதுக் கோடு ஒரு விரல் தள்ளி விழுந்தது.

"அழிஞ்சா அழிஞ்சபடியே வாங்க. யாரும் கை வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

வெளியே பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தவர் அவளைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"கோடு சரியா இருந்துச்சா?"

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நூல் பிசகல."

அவர் சிரித்துவிட்டார். சிரித்து எத்தனை நாளாயிற்று!

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியபிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்.

"இனிமே அழிஞ்சா அவங்கதான் போடணுமாம், நாம தொடக் கூடாதாம். அழிஞ்சிருக்கான்னு மட்டும் தெனமும் காலையில நீங்க பாத்துச் சொல்லுங்க. எனக்குக் குனிஞ்சா தெரிய மாட்டேங்குது."