ஃபேனை நிறுத்திக் கேட்கும் பாட்டு

ஒரே ராக் ஆல்பம், ஏழு சிடிகள். பாட்டெல்லாம் ஒன்றுதான், அச்சடித்த நாடு வேறு, ஒலியைச் செதுக்கி மாஸ்டரிங் செய்த கை வேறு என்பதால் ஒவ்வொன்றும் ஒரு அவதாரமாம். சொல்கிறவர் என் தங்கை புருஷன். ஜன்னலைச் சாத்தியாயிற்று. ஃபேன் சத்தம் டிரம்ஸோடு தட்டும் சிம்பல் தகட்டின் ரீங்காரத்தைத் தின்றுவிடுமாம், அதையும் நிறுத்தியாயிற்று. எட்டு மாத வயிற்றோடு சோபாவில் சரிந்திருக்கும் என் தங்கை, பழைய பத்திரிகையால் விசிறிக்கொள்கிறாள். கழுத்து மடிப்பில் வியர்வை மினுங்குகிறது. அவர் ஏழில் எங்கும் கிடைக்காத முதல் அச்சை எடுக்கிறார், சிடியின் உள்வட்டத்தில் பொறித்த எண்ணை லென்ஸ் வைத்துப் படிக்கிறார், பூப்போலத் துடைக்கிறார், தூசி படக்கூடாதென்ற பழக்கத்தில் திரும்பப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடிவிடுகிறார். பிளேயருக்குள் கிடப்பது, நான் உள்ளே வரும்போது ‘தகர டப்பா’ என்று அவர் திட்டிக்கொண்டிருந்த மலிவுப் பதிப்பு. பொத்தானை அழுத்துகிறார். கண் சொக்குகிறது. “கேட்டீங்களா மச்சான்? டிரம்ஸைச் சுத்திக் காத்து எப்படி ஓடுது பாருங்க!” காற்று ஓடுகிறதாம், இந்த அறையில். நான் வாயைத் திறக்கிறேன். தங்கை என் கையைப் பிடித்து அழுத்துகிறாள். “சொல்லிடாதண்ணே. மறுபடியும் முதல்லேர்ந்து போடுவாரு. அப்புறம் ஃபேன் ஓடின மாதிரிதான்.”