சட்டப்படி ஒரு மணி நேரம்

அதிகாரியம்மா ரிமோட்டை எடுத்து மெக்கானிக்கின் மனைவியின் காதருகே கொண்டுபோய் அழுத்தினார்.

அவ்வளவுதான். அவள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் நின்றது. மணி பத்து ஐந்து.

"நான் வேணா வெளியில உக்காந்துக்கட்டுமா, மேடம்?" என்றார் மெக்கானிக்.

உறவுக்காரர் ஒருவர் கூடவே இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அதிகாரியம்மா பேனாவால் நாற்காலியைக் காட்டினார்.

லிப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். இருபதாவது மாடியில், கீழே ஒன்றுமில்லாத இருட்டுக் குழிக்கு மேல் நின்று போல்ட் முடுக்குகிறவர். அப்படிப்பட்டவர் இந்த நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் அவள் பதினோரு மாதம் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தாள். சோறு ஊட்டியது, தலை வாரியது எல்லாம் அவர்தான். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

பிறகு மண்டையைத் திறந்து இயந்திரத்தை வைத்தார்கள். மறுவாரமே எழுந்து உட்கார்ந்தாள். மாதம் முடிவதற்குள் அவருடைய கிரீஸ் சட்டையைத் துவைத்துக்கொண்டே பாட ஆரம்பித்தாள். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் ஓடி வருவாள். கண்பட்டுவிடப் போகிறது என்று பக்கத்து வீட்டுக்காரி வாய்விட்டே சொன்னாள்.

அப்போதுதான் சட்டம் வந்தது. இது வேண்டுமா என்று இயந்திரம் ஓடும்போது கேட்டால் இயந்திரம்தான் பதில் சொல்லும். ஆளைக் கேட்க வேண்டுமென்றால் அணைத்துவிட்டுக் கேட்க வேண்டும். வருடம் ஒரு முறை, ஒரு மணி நேரம்.

நியாயமான சட்டம் என்று படித்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். 'நல்லா இருக்கிறவளை ஏன் நோண்டுறீங்க' என்று அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு மெக்கானிக் தெருவில் நின்றார். மழையில் எழுத்து கரைந்து முழங்கை வழியே வழிந்த பிறகும் நின்றார்.

இன்று அணைத்த கால் மணியில், அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அவள் பேச்சு நின்றது. அரை மணியில், கைப்பை ஜிப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்த விரல் நின்றது. அப்புறம் தோள் இறங்கியது. அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவள் பாட்டிலைப் பார்க்கவில்லை. அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்துவிட்டு நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

பதினொன்று ஐந்து.

"திரும்பப் போடட்டுமா, வேண்டாமா? உங்க இஷ்டம்தான். யாரும் கட்டாயப்படுத்த முடியாது" என்றார் அதிகாரியம்மா.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"போடுங்க." கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரல்.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார்கள். மெக்கானிக்கின் கண் அதிகாரியம்மாவின் பேனாவை விட்டு அகலவில்லை. படிவத்தில் இன்னும் ஒரு கட்டம் பாக்கியிருந்தது. காரணம்.

"போன மூணு வருஷமும் சொன்னதேதானா? ஏதாவது மாத்தணுமா?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"மாத்த வேண்டாம்."

அதிகாரியம்மா பழைய படிவத்தைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் எழுதி முடித்து, தாளை மெக்கானிக் பக்கம் திருப்பினார். சம்மதமா என்று அதிகாரியம்மா கேட்டு முடிப்பதற்குள் மெக்கானிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். மேலே இருந்ததை அவர் படிக்கவில்லை. மனப்பாடம்.

'அவர் நல்ல மனிதர். அவர்மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் இது ஓடாவிட்டால் அவரோடு ஒரு நாள்கூட என்னால் இருக்க முடியாது. எனக்குப் போக வேறு இடமும் இல்லை.'

இடம் வேண்டுமா என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. மெக்கானிக்கும் கேட்டதில்லை.

பொத்தான் அழுந்தியது. வெளி வராந்தாவில் கொஞ்ச நேரம் உட்கார வைத்தார்கள். முதலில் ஜிப்பின் சத்தம் வந்தது, பிறகு அவள் பேச்சு.

படியிறங்கும்போது அவர் கையைக் கோத்துக்கொண்டாள்.

"மூஞ்சிய ஏன் இப்படி வெச்சிருக்கீங்க? வருஷத்துல ஒரு மணி நேரம்தானேங்க!" என்று சிரித்தாள்.

அவரும் சிரித்தார்.