பெட்டிக்குள் ஒரு நாள் லீவு

பனியன் கம்பெனியில் இப்போதெல்லாம் லீவை மேனேஜர் தருவதில்லை. மாதக் கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து போன் விளையாட்டில் ஒரு ராட்சதனை வீழ்த்த வேண்டும். அவன் விழுந்த இடத்தில் ஒரு பெட்டி திறக்கும். அதில் யாராவது ஒருவருக்கு ஒரு நாள் லீவு இருக்கும்.

அங்கே தைத்துக்கொண்டே மாலை வகுப்பில் படிக்கும் நிறைமதிக்குத் திங்கட்கிழமை பகலில் பரீட்சை. லீவு கிடைக்காவிட்டால் ஒரு வருடப் படிப்பு வீண். ராட்சதன் விழுந்ததும் எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

"நீ எடுத்துக்க அம்மணி," என்றார் கட்டிங் மாஸ்டர்.

"இல்லீங்ண்ணா. நான் ஒரு அடிகூட அடிக்கலீங்க, அடிபட்டவங்களுக்கு மருந்துதான் போட்டேன். அடிச்சவங்க எடுக்கறதுதானுங்களே முறை?"

"மருந்து போடலீன்னா நாங்க எப்படி அடிக்கறது?"

தன் மருந்தால் யாராவது பிழைத்தார்களா என்று நிறைமதி முதலிலிருந்து யோசிக்கத் தொடங்கினாள். எடுங்க, நீங்க எடுங்க என்று மரியாதை நீண்டுகொண்டே போனதில் பெட்டி மங்க ஆரம்பித்தது. அது மறைவதற்குள் பக்கத்து மெஷின் பூங்கொடி சட்டென்று தொட்டு, லீவைத் தன் பேரில் போட்டுக்கொண்டாள். அன்று முழுக்க அவளுடன் யாரும் பேசவில்லை.

திங்கட்கிழமை காலை பூங்கொடி வந்து நிறைமதியின் மெஷினில் உட்கார்ந்தாள்.

"உனக்குத்தான் லீவாச்சே?" என்றார் மாஸ்டர்.

"லீவுல நான் எங்க வேணா உக்காருவனுங்க. இவளுக்குப் பதிலா தெக்கறேன்."

நிறைமதி பையைப் பிடித்தபடி தயங்கினாள். "அக்கா, இது முறைதானுங்களா?"

"அத பஸ்ல போய்க்கிட்டே யோசி புள்ள."